துணி கட்டாத பானை

அந்தக் குளிர்காலத்தில் பெய்லாவுக்கு ஒரே ஆசைதான். யாரும் எழுப்பாமல் ஒரு தடவையாவது தூங்கி எழ வேண்டும். வயது இருபது. போலந்து நாட்டுப் பியாலிஸ்டாக் நகரின் யூத ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பைப் பாதி முடித்திருந்தபோது ஜெர்மன்காரர்கள் வந்தார்கள். ஊரின் ஒரு மூலையைப் பலகையும் முள்கம்பியும் போட்டு அடைத்து, யூதர்கள் அத்தனை பேரையும் அதற்குள் தள்ளினார்கள். அவள் படிப்பு முடிந்தது என்று எவரும் சொல்லவில்லை. முழு நர்ஸின் வேலையை மட்டும் கொடுத்துவிட்டார்கள்.

பகலெல்லாம் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொரு நோயாளி. அவர் பெயர் லேய்ஸர், ஐம்பது தாண்டிய, பிரஷ் செய்யும் தொழிலாளி. வேலிக்குள் இடம் போதாமல் அவளுடைய அறையிலேயே அவரையும் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு போர்வைதான் சுவர். உறவும் இல்லை, பழைய பழக்கமும் இல்லை. குறட்டை விடுவார், அவள் சோப்பை எடுத்துக்கொள்வார், அவள் படித்தவள் என்பதைக் குற்றம் போலச் சொல்லிக்காட்டுவார். பனி விழத் தொடங்கிய வாரத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. நாளுக்கு நாள் படிப்படியாக ஏறிய காய்ச்சல், வெள்ளை படிந்த நாக்கு, வயிற்றில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். டைஃபாய்டு. அதைச் சொல்ல டாக்டர் வேண்டியிருக்கவில்லை.

வெளியே தெரிந்தால் என்ன நடக்கும் என்பதையும் யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தொற்றுக் காய்ச்சல் கண்ட வீட்டை உடனே தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு. தெரிவித்தால் லாரி வரும். நோயாளி போவார், அந்த அறையில் இருந்தவர்களும் போவார்கள். போனவர் திரும்பியதில்லை. அவள் தெரிவிக்கவில்லை. பிரஷ் பட்டறைக்குப் போய், கிழவர் வழுக்கி விழுந்து இடுப்பு பிசகிக் கிடக்கிறார் என்று சொல்லிவிட்டு வந்தாள். முற்றத்தில் கேட்டவர்களுக்கும் அதையே சொன்னாள். அதை அவள் துணிச்சல் என்று நினைக்கவில்லை. காய்ச்சல்காரரை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அதனால் அவள் போகவில்லை.

பயம் வாளியில் இருந்தது. பத்துக் குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ். அதில் அவருடைய மலவாளியை அப்படியே கொட்டினால் முற்றம் முழுக்க நோய் இறங்கும். ஆஸ்பத்திரியிலிருந்து உள்பாவாடை மடிப்பில் சுண்ணாம்புப் பொடி கொண்டுவருவாள். அதைப் போட்டு, மூடி, காத்திருந்து, ஆள் நடமாட்டம் ஓய்ந்ததும் கொண்டுபோய்க் கொட்டுவாள். பிறகு கையைக் கழுவுவாள். ஐஸ் தண்ணீரில் கழுவிக் கழுவி விரல்கள் வெடித்துவிட்டன. கழுவுவதை மட்டும் அவள் விடவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் எழுதவும் செய்தாள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிதில் தலைமை நர்ஸ் சொன்னாள்: "கண்ணுல பட்டதை எழுது. மனசுல பட்டதை எழுதாதே." அதைப் பிடித்துக்கொண்டவள் விடவில்லை. பள்ளிக்கூடத்து மிச்ச நோட்டுகளில் முதலில் காய்ச்சலும் நாடியும் எழுதினாள். வேலிக்குள் வந்த பிறகு நோய் இல்லாதவர்களையும் அதே மாதிரி எழுத ஆரம்பித்தாள். யார் என்ன சாப்பிட்டார், யார் எதற்குச் சிரித்தார் என்று. "துணி துவைக்கும் ஹென்யா தன் ஷூவை விற்றுவிட்டாள். கால் சுருங்கிவிட்டது, ஷூ பெரிதாகிவிட்டது என்று எல்லாரிடமும் சொல்கிறாள்." "லேய்ஸர். காலையில் காய்ச்சல் இறக்கம். நாக்கில் வெடிப்பு. இன்று என்னைக் கழுதை என்றார். தேறுகிறார்."

"இதெல்லாம் எதுக்கு எழுதிக்கிட்டு இருக்கே?" என்பார் லேய்ஸர். "ஜெர்மன்காரன் படிச்சுப் பார்த்து அழவா?"

"நாளைக்கு யாராச்சும் நம்மளைப் பத்திக் கேப்பாங்க மாமா."

"இருந்தாங்கன்னு சொல்லு. முடிஞ்சு போச்சு."

"எப்படி இருந்தாங்கன்னு கேப்பாங்க."

"குளிருல இருந்தாங்கன்னு எழுது. எழுதிட்டு விளக்கை இறக்கு டாக்டரம்மா, கண்ணு கூசுது."

அதே கட்டடத்தின் மாடியில் ஷாவுல் குடியிருந்தான். வேலிக்குள் ஒழுங்கு பார்க்க யூதர்களிலிருந்தே ஆள் எடுத்துப் போலீஸ் வைத்திருந்தார்கள், அவர்களில் ஒருவன். போன வருடம் இலையுதிர் காலத்தில் அவன்தான் பெய்லா வீட்டுக் கதவைத் தட்டினான். கையில் உத்தரவு. அவளுடைய அம்மாவும் தங்கையும் புரூஷானி ஊருக்குப் போக வேண்டும், ஆஸ்பத்திரி ஆள் என்பதால் அவள் மட்டும் இருக்கலாம். "பயப்படாதீங்க, அங்கே ரொட்டி அதிகம்," என்றான். அம்மாவிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. அதோடு சரி. நோட்டில் அன்றைய பக்கத்தில் ஒரு வரிதான் இருக்கிறது: "ஷாவுல், அங்கே ரொட்டி அதிகம் என்றான்." அதற்குப் பிறகு படிக்கட்டில் அவனையோ அவன் மனைவி பெர்லாவையோ கண்டால் பெய்லா சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்குவாள்.

மூன்றாம் வாரம் லேய்ஸருக்குக் காய்ச்சல் இறங்கியது. இந்த நோயில் கெட்ட நேரம் அதுதான். காய்ச்சல் போனதும் பசி வரும், சாதாரணப் பசி இல்லை. குடலோ புண்ணாகி மெலிந்து கிடக்கும். அந்த நேரத்தில் கெட்டியாக எதையாவது தின்றால் ஓட்டை விழுந்து, ஒரே நாளில் ஆள் போய்விடுவார். கஞ்சித் தண்ணீர்தான் கொடுக்க வேண்டும். உப்பு போடாமல், துணியில் வடிகட்டி. பார்லிக்காகத் தன் ரொட்டியில் பாதியை ஆஸ்பத்திரிச் சமையல்காரியிடம் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை சூரியன் இறங்கியதிலிருந்து மறுநாள் இருட்டும் வரை சப்பத், யூதர்களின் ஓய்வு நாள். தீ மூட்டக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மூட்டலாம் என்று சட்டமே இருக்கிறது. ஆனால் அவளிடம் விறகு இல்லை. ஆகவே முற்றத்துப் பெண்கள் எல்லாரையும் போல அவளும் வெள்ளிக்கிழமை மத்தியானமே பானையில் எல்லாம் போட்டு, மூடியின் விளிம்பை மாவு வைத்து ஒட்டி, ரொட்டிக்கடை இட்ஸேயின் அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவாள். ராத்திரி முழுக்க அந்தச் சூட்டில் வெந்துகொண்டிருக்கும். சனிக்கிழமை மத்தியானம் போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சப்பத் அன்று திறந்த தெருவில் ஒரு கைக்குட்டை கூடத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது. சுற்றி அடைப்பு இருந்தால் நடக்கலாம். இட்ஸே ஒவ்வொரு வாரமும் இதையே சொல்வான்: "முன்னெல்லாம் ஊரைச் சுத்திக் கம்பி கட்ட நம்ம ரப்பி குருமாருங்க எவ்வளவு அலைஞ்சாங்க. இவனுங்க பலகையே அடிச்சுக் குடுத்துட்டானுங்க. தைரியமா தூக்கிட்டுப் போங்கம்மா, ஒரு பாவமும் இல்லை." முதல் வாரம் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்தவில்லை.

அடையாளத்துக்குப் பானைப் பிடியில் ஒரு துணி கட்டுவார்கள். இறுக்கி முடிச்சுப் போட்டால் சப்பத் அன்று அதை அவிழ்க்கக் கூடாது. அதனால் எல்லாரும் பூ மாதிரி இளக்கமாகத்தான் கட்டுவார்கள். பெய்லாவினுடையது பழைய ஏப்ரனில் கிழித்த சாம்பல் நிறத் துணி. பெர்லாவினுடையது சிவப்பு. பானைகள் இரண்டும் ஒரே கடையில் வாங்கிய நீல எனாமல் பானைகள். அந்த வெள்ளிக்கிழமை அடுப்புக்குள் தள்ளும்போது இரண்டு துணியும் நழுவி விழுந்திருக்கின்றன. சனிக்கிழமை விளக்கேற்ற முடியாத அந்த இருட்டுக் கடையில் இட்ஸே தரையில் தடவி எடுத்து, தோன்றியபடி மாட்டிவிட்டான்.

பானை கனத்தது. தன் கைதான் சோர்ந்திருக்கிறது என்று பெய்லா நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து மாவை உடைத்து மூடியைத் தூக்கினாள். பயறு, உருளைக்கிழங்கு, மேலே பொன்னிறமாக உருகிய கொழுப்பு, நடுவில் ஒரு முழு வாத்துக்கால். அறை முழுக்க வாசனை நிரம்பியது. திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் முனகியது.

"என்னது அது?" என்றார் லேய்ஸர்.

"நம்மளோடது இல்லை."

"கடவுள் குடுக்கும்போது யாரோடதுன்னு கேக்கக் கூடாது."

"உங்க குடல் இப்போ நனைஞ்ச காகிதம் மாதிரி இருக்கு மாமா. நாலு பயறு போதும், ஓட்டை விழுந்துடும்."

"விழட்டும். வாயில ருசியோட சாவேன்."

"செத்தா உங்களைத் தூக்க வேண்டியது நான்தான். எனக்குத் தெம்பு இல்லை."

அவள் வாயிலும் எச்சில் ஊறியது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய நினைப்பு ஒன்று வந்தது. இது இங்கே என்றால், நம்முடையது எங்கே? வடிகட்டிய, உப்பில்லாத கஞ்சி. இந்த வேலிக்குள் அதைப் பார்த்து என்ன நோய் என்று புரியாதவர் கிடையாது. முற்றத்தில் வாத்துக்கால் வேகிற வீடும் ஒன்றே ஒன்றுதான். போலீஸ்காரன் வீடு.

மூடியை வைத்துவிட்டு, சால்வையை எடுக்கத் திரும்பினாள். அவ்வளவுதான் நேரம். திரும்பிப் பார்த்தால், மூன்று வாரமாக உட்காரக் கூட முடியாமல் கிடந்த மனிதர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கன்னம் உப்பியிருக்கிறது. அவள் பாய்ந்து அவர் தாடையைப் பிடித்து, குழந்தை வாயில் விடுவது போல விரலை விட்டு, கிடைத்ததை வழித்தெடுத்தாள். கொஞ்சம் உள்ளே போய்விட்டது. கடிக்கவும் செய்தார்.

கட்டிலில் தள்ளி வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். இப்போதைக்கு மெத்தென்று இருந்தது.

"வலிச்சா சொல்லணும். மறைக்கக் கூடாது."

"நல்லா இருந்துச்சு," என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டு.

பானையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். பெர்லா கதவை ஒரு விரல்கடை அளவு திறந்தாள். திட்டப் போகிறாள் என்று பெய்லா நினைத்தாள். அவளோ கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். ஷாவுல் வேலி வாசல் காவலுக்குப் போயிருந்தான். அவனுடைய தொப்பி ஒன்று ஆணியில் தொங்கியது. போன வருடம் கதவைத் தட்டியபோது போட்டிருந்த அதே தொப்பி.

மேசையில் அவளுடைய பானை திறந்து கிடந்தது. கிண்ணத்தில் கஞ்சி, பாதி காலி.

"கீழ இருக்கற ஆளுக்கு இடுப்பு பிசகலை. இல்லையா?" என்றாள் பெர்லா.

பெய்லா கொண்டுவந்த பானையை மேசையில் வைத்தாள்.

"என் புருஷன் போலீஸு. நான் ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"தெரியும்."

"அப்போ என் பொண்ணைப் பாரு. பார்த்தா வாயைத் திறக்க மாட்டேன். இல்லேன்னா..."

பெய்லா அதற்குள் அந்த நாற்றத்தைப் பிடித்துவிட்டாள். டைஃபாய்டு கட்டிலுக்கென்று ஒரு நாற்றம் உண்டு, வாத்துக் கொழுப்பாலும் அதை மூட முடியாது. அலமாரிக்குப் பின்னால் படுக்கை. ஆறு வயது ரோனியா படுத்திருந்தாள். உலர்ந்த உதடு, எதையும் பார்க்காத கண்.

"மிரட்டாதீங்க, நேரம் போகுது. சுடுதண்ணி இருக்கா?"

"இருக்கு. சப்பத்துன்னும் பார்க்காம தீ மூட்டிட்டேன்."

"நல்லது. சோப்பு எங்கே? என்ன குடுத்தீங்க இவ்வளவு நாளா?"

"முட்டை. வாத்து சூப். தெம்பு வரணும்னுதான். எல்லாத்தையும் வாந்தி எடுத்தா. இந்தக் கஞ்சிதான் வயித்துல நின்னுது. குடிச்சதும் தூங்கினா. அப்போதான் எனக்குப் புரிஞ்சுது, இது யாருக்காக வச்ச கஞ்சின்னு."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். வீட்டுக்கு வந்தா சுவரைப் பார்த்து உட்கார்ந்துக்குவாரு. வேற வீட்டுல காய்ச்சல்னா அவருதான் எழுதிக் குடுக்கணும். தன் வீட்டுலயே இருக்குன்னு தெரிஞ்சா எங்க மூணு பேரையும் ஏத்திடுவாங்க. இந்த முற்றத்துல யாருக்குத் தெரிஞ்சாலும் சந்தோஷமா போய்ச் சொல்லுவாங்க."

அது உண்மை. பெய்லாவும் முற்றத்தில் ஒருத்திதான். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அந்தத் தொப்பியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும் என்பது இரண்டு பக்கமும் பொருந்தும். நாளைக்கு ஆஸ்பத்திரியில் பேச்சுவாக்கில் சொன்னால் போதும், லாரி வரும், இந்தப் படிக்கட்டில் ஷாவுல் இறங்கிப் போவான். அந்த நினைப்பு அவளுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, கொஞ்சம் தங்கியும் இருந்தது. அதற்குள் குழந்தை புரண்டு முனகியது. அவள் கை தானாகவே போய் நாடியைப் பிடித்தது. எண்ணத் தொடங்கிவிட்டால் வேறு எதையும் நினைக்க முடியாது.

"உங்க அம்மாவை அன்னிக்கு..." என்று ஆரம்பித்தாள் பெர்லா.

"அதைப் பேசாதீங்க. பொண்ணைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, கீழே துணி மாத்தணும். நான் தினம் ரெண்டு வேளை வரேன். வாளியில போட சுண்ணாம்பு கொண்டுவரேன். பார்லி நீங்க வாங்குங்க, உங்களுக்குக் கிடைக்கும். ரெண்டு பங்கு வாங்குங்க. கீழயும் ஒண்ணு வேணும்."

"வாங்கறேன். அந்தப் பானையை நீயே எடுத்துட்டுப் போ."

"எங்க வீட்டுல அதை வைக்க முடியாது. ஒரு தட்டு குடுங்க."

பெய்லா அங்கேயே நின்றபடி சாப்பிட்டாள். பயறும் கொழுப்பும் வாத்துக்கால் முழுசும். வெட்கப்படத் தெம்பு இல்லை. மயங்கி விழுகிற நர்ஸால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

மாலையில் லேய்ஸருக்கு வயிறு வலித்தது. காய்ச்சலும் கொஞ்சம் ஏறியது. வயிறு பலகை போல இறுகினால் கதை முடிந்தது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, கையை வயிற்றின் மேல் வைத்தபடி இருந்தாள், உட்கார்ந்தபடியே தூங்கியும் போனாள். விடிந்தபோது அவள் கைக்குக் கீழே வயிறு மெத்தென்றுதான் இருந்தது. அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

வேலைக்குப் போகும் முன் நோட்டை எடுத்தாள். ஷாவுல் வீட்டைப் பற்றி என்றாவது எழுத வேண்டும் என்று வெகுநாளாகக் காத்திருந்தவள் அவள். பிற்பாடு கேட்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்று. எழுதினாள்: "மாடி வீட்டுப் பானையில் வாத்துக்கால் இருந்தது. நான் தின்றேன். மாடி வீட்டுக் குழந்தை: உதடு வெடிப்பு, நாடி மந்தம், கஞ்சி நிற்கிறது." எழுதியதைப் படித்துப் பார்த்தாள். ஒன்றை எழுதி மற்றதை விட்டிருக்கலாம். இரண்டும் கண்ணில் பட்டவை. இரண்டையும் விட்டுவைத்தாள்.

பிறகு நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஆஸ்பத்திரி, கீழ் வாளி, மேல் வாளி, மறுபடி ஆஸ்பத்திரி. ஒரு நாள் படிக்கட்டில் ஷாவுல் எதிரே வந்தான். ஒதுங்கி வழிவிட்டவன் மெதுவாகச் சொன்னான்: "அங்கே ரொட்டி அதிகம்னுதான் என்கிட்டயும் சொன்னாங்க. நம்பினேன்."

"வாளியைத் திறந்து போட்டிருந்தீங்க காலையில," என்றாள் பெய்லா. "மூடி வைங்க." மன்னித்தாளா என்றால் இல்லை. அதற்கு நேரமும் இல்லை.

முற்றத்துக்குக் கண் இருக்கிறது. போலீஸ்காரன் வீட்டுக்கு அவள் தினம் இரண்டு வேளை ஏறி இறங்குவதை எல்லாரும் பார்த்தார்கள்.

"என்னடி பெய்லா, மாடியில ஏதோ மணக்குதாமே," என்றாள் ஹென்யா, துணியைப் பிழிந்துகொண்டே. "எங்களுக்கும் ஒரு எலும்பு போடச் சொல்லேன்."

"வாயைக் கிளறாதே ஹென்யா," என்றாள் இன்னொருத்தி. "நாளைக்கு நம்ம பேரைக் குடுத்துடப் போறா. அம்மாவை அனுப்பினவன் வீட்டுலயே போய்ச் சாப்பிடறவ, எதுக்கும் துணிஞ்சவ."

சாப்பிட்டது உண்மை. மற்றதைச் சொல்ல வழியில்லை. சொன்னால் ரோனியா லாரியில் ஏறுவாள். பெய்லா தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று நோட்டில் ஹென்யா சொன்னதை ஒரு எழுத்துக் குறையாமல் எழுதி வைத்தாள். ஹென்யாவின் கால் கந்தலில் சுற்றியிருந்தது, கட்டைவிரல் கறுத்திருந்தது என்பதையும் எழுதினாள். மறுநாள் ஹென்யாவின் வாசலில் ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறையைப் போட்டுவிட்டு வந்தாள். பெய்லாவின் அம்மாவினுடையது.

லேய்ஸர் எழுந்து நடக்க ஆரம்பித்தார். நடக்க ஆரம்பித்ததும் வாயும் திரும்பி வந்தது.

"முற்றத்துல என்ன சொல்றாங்க தெரியுமா? போலீஸ் வீட்டு மருமகள்னு சொல்றாங்க. நான் உன் அறையில இருக்கறதே எனக்குக் கேவலமா இருக்கு."

"வேற அறை கிடைச்சா சொல்லுங்க மாமா, மூட்டை கட்டித் தரேன்."

"எதுக்குப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

"கஞ்சியைக் குடிங்க."

"பார்லி ஏது? இவ்வளவு பார்லி யாரு குடுக்கறா?"

அவள் முகத்தைப் பார்த்தவர் கிண்ணத்தைப் பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமலே இருப்பதற்கு அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அவரோடு ஒரு நாள் இருந்தவர்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் அவளுடைய சோப்பு, அவர் எடுத்துக்கொள்ளாமல், முழுசாக அவள் பக்கத்துப் பெட்டி மேல் இருந்தது.

அடுத்த ஆகஸ்டுக்குள் அந்த வேலிக்குள் ஏறக்குறைய யாரும் இருக்கப் போவதில்லை. அது அப்போது எவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த வெள்ளிக்கிழமை கஞ்சி வைத்துத்தான் ஆக வேண்டும். ரோனியாவுக்குக் காய்ச்சல் அப்போதுதான் இறங்கியிருந்தது. பசி வரும் நேரம்.

ரொட்டிக்கடையில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். பெர்லா முன்னால் நின்றாள், அவளைச் சுற்றி ஒரு கை தூரம் யாரும் நிற்கவில்லை. பெய்லாவைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள். அது அவர்கள் பேசி வைத்துக்கொண்டது. வெளியே பழக்கம் காட்டக் கூடாது. அவள் பானையை வைத்தாள். அடுத்து பெய்லா தன் பானையை அதன் பக்கத்தில் வைத்தாள்.

"துணி எங்கேம்மா?" என்றான் இட்ஸே.

இரண்டு பானைக்கும் துணி இல்லை. இரண்டிலும் ஒரே பார்லிக் கஞ்சிதான். சாம்பல் நிறத் துணி பெய்லாவின் வெடித்த விரலில் சுற்றியிருந்தது.

"இந்த வாரம் வேண்டாம்."

"மாறிடும். அன்னிக்கே மாறிடுச்சுன்னு போலீஸ்காரம்மா வந்து... இப்போ அவங்களும் கட்டலை. நாளைக்கு வந்து என்னைத் திட்டக் கூடாது."

"திட்ட மாட்டேன். எது வந்தாலும் சரி."

பின்னால் ஹென்யா சிரித்தாள். "கேட்டீங்களா? வாத்துக்கால் வந்தாலும் சரியாம்."

பெர்லாவின் கழுத்து சிவந்தது. அவள் திரும்பவில்லை. இட்ஸே நீளமான கட்டையை எடுத்து, ஒரே மாதிரி இருந்த அந்த இரண்டு நீலப் பானைகளையும் சேர்த்து அடுப்புக்குள் தள்ளினான். இருட்டப் போகிறது, சீக்கிரம் வீட்டுக்குப் போங்கள் என்று எல்லாரையும் விரட்டினான்.

பெய்லா வெளியே வந்தாள். மறுநாள் மத்தியானம் வரை ஆஸ்பத்திரியில் முறை இல்லை. வாளி இரண்டையும் முடித்துவிட்டால் கொஞ்சம் தூங்கலாம்.